ஊட்டி குளிர்ல டர்ன்டேபிள் ஸ்பீடு: சில வருஷ அனுபவம்

ரெக்கார்டு சுத்துற டர்ன்டேபிள் நம்மகிட்ட ஒண்ணு, பெல்ட் டிரைவ் (மோட்டார் ரப்பர் பெல்ட் வழியா தட்ட சுத்தும்), டிசி மோட்டார், ஊட்டி ஃபர்ன்ஹில் பக்கம் வீட்ல சில வருஷமா ஓடிட்டு இருக்கு. சவுண்டு பத்தி குறையே இல்ல, ஸ்பீடு தான் சீசனுக்கு சீசன் ஆட்டம் காட்டும். டிசம்பர் ஜனவரில உறைபனி விழுற காலைல போட்டா முதல் பாட்டு இழுத்துக்கிட்டு தான் வரும், ஸ்பிண்டில் (தட்டு சுத்துற அச்சு) ஆயில் கெட்டியாகி பெல்ட்டும் வெரச்சு போயிருக்கும், அதனால கொஞ்ச நேரம் சும்மா சுத்த விட்டுட்டு அப்புறமா ஸ்பீடு பாருங்க. குளிர்லயே ஸ்பீடு ஸ்க்ரூவ திருகி செட் பண்ணா மத்தியானம் வெயில் வந்ததும் வேகமா ஓட ஆரம்பிச்சிடும்.

ஸ்பீடு பாக்க ஸ்ட்ரோப் டிஸ்க் (கோடு கோடா அச்சடிச்ச வட்டம், தட்டு மேல வெச்சு கரண்ட் லைட் வெளிச்சத்துல பாக்கணும்) நல்ல வழி தான். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், 33⅓க்கு (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து) 180 கோடு இருக்கிற வளையத்த பாக்கணும், 216 கோடு 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு, பிரிண்ட் எடுக்கிறவங்க கவனம். கோடு அசையாம நின்னா கரெக்ட், தட்டு சுத்துற பக்கமே நகர்ந்தா வேகம், பின்னாடி போனா ஸ்லோ. நிறைய எல்இடி பல்புல கோடு தெரியவே தெரியாது, பழைய சோக் வெச்ச டியூப்லைட் வேணும். அப்புறம் மழைக்காலத்துல இங்க கரண்ட் படுற பாடு தெரிஞ்சது தானே, இன்வெர்ட்டர் ஓடும்போது ஸ்ட்ரோப் பாக்காதீங்க, அது குடுக்கிற ஃப்ரீக்வென்சிய நம்ப முடியாது.

ஸ்பீடு அளக்கிற போன் ஆப் எனக்கு ஒத்து வரல. வீட்ல ரெண்டு போன், ரெண்டும் ஒரே நம்பர் காட்டினதே இல்ல.

நான் நம்புறது காசில்லாத வழி. தட்டு ஓரத்துல ஒரு துண்டு பேப்பர் ஒட்டி, ரெக்கார்ட போட்டு ஊசியையும் இறக்கிட்டு (ஊசி இழுக்கிறதும் கணக்குல வரணும்ல) ஸ்டாப்வாட்ச்ல 100 சுத்து எண்ணுங்க, 33⅓ன்னா சரியா 3 நிமிஷம் ஆகணும். ஒரு செகண்ட் தள்ளிப்போனா தப்பு அரை சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோ தான். 45க்கு அதே 3 நிமிஷத்துல 135 சுத்து. பன்னெண்டு ஸ்வரஸ்தானத்துல ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுலயே கிட்டத்தட்ட 6% இருக்கு, அரை சதவீதத்துக்காக தூக்கத்த கெடுத்துக்க வேணாம், ஆனா ரெக்கார்டு கூட சுருதி சேத்து வீணை வாசிக்கிறவங்க வீட்ல இருந்தா அது வேற கதை.

பாட்டு 1.8 செகண்டுக்கு ஒரு தரம் அலை மாதிரி ஏறி இறங்குனா மோட்டார திட்டாதீங்க, ரெக்கார்டோட நடு ஓட்டை தள்ளி இருக்கும், வேற ரெக்கார்டு போட்டு பாருங்க. புது பெல்ட் மாத்தினா ஸ்க்ரூவ உடனே தொடாதீங்க, சில நாள் ஓடி படியட்டும், அப்புறம் எண்ணிக்கலாம்.