பிளாட்டின மூசை: பதினான்கு ஆண்டுப் பயன்பாடு

மதுரையில் உள்ள எங்கள் சிறிய கனிமப் பரிசோதனைக் கூடத்திற்கு 2011ஆம் ஆண்டு, மூடியுடன் கூடிய 30 மில்லி பிளாட்டின மூசை (பொருளைச் சூடாக்கி உருக்கும் சிறு கிண்ணம்) ஒன்றை வாங்கினோம். கூடத்தில் அதைவிட விலை மிகுந்த பாத்திரம் இல்லை என்பதால், அன்று முதல் எடுக்கும்போதும் வைக்கும்போதும் எடை பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம். மேலூர்க் கிரானைட்டும் விருதுநகர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லுமே பெரும்பாலும் அதற்குள் போகின்றன.

இதை வாங்கியே ஆகவேண்டிய காரணம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கல்லில் உள்ள சிலிக்காவை அளக்க, அதை இந்த அமிலத்துடனும் சில துளி கந்தக அமிலத்துடனும் சூடாக்கினால், சிலிக்கான் டெட்ராஃபுளோரைடு வாயுவாகிப் போய்விடும். அப்போது குறைந்துபோன எடையே சிலிக்காவின் எடை. கண்ணாடியும் பீங்கானும் சிலிக்காவால் ஆனவை என்பதால் அவற்றையும் அந்த அமிலம் அரித்துவிடும், பிளாட்டினத்தையோ தொடுவதில்லை. சோடியம் கார்பனேட்டுடன் கல்தூளை 1000 பாகை செல்சியஸ் அளவில் உருக்கும் வேலையிலும் அது அசைந்து கொடுத்ததில்லை. பிளாட்டினம் 1768 பாகையில்தான் உருகும்.

ஆனால் இதன் பகைவர்கள் அமிலத்தைவிட எளிமையானவர்கள். மூன்றாம் ஆண்டில் பித்தளைப் பட்டறை ஒன்றின் சாம்பல் சோதனைக்கு வந்தது. சாம்பல்தானே என்று எண்ணி, அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதைச் சிந்திக்காமல் நானே மூசையில் இட்டு உருக்கினேன். அதில் கலந்திருந்த கரித்துகள் ஈய ஆக்சைடை ஈயமாக மாற்றியிருக்கிறது. அது பிளாட்டினத்துடன் சேர்ந்து, குறைந்த வெப்பத்திலேயே இளகும் கலவையாகிவிட்டது. குளிர்ந்தபின் அடியில் கடுகளவு ஓட்டை. தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு பொற்கொல்லரிடம் காட்டியபோது, பொன் வைத்து அடைக்கலாம் என்றார். பொன் 1064 பாகையில் உருகும். எங்கள் உலை அதற்கு மிக அருகில் வேலை செய்வதால் நன்றி சொல்லித் திரும்பினேன். பின்னர் மூசையைச் செய்தவர்களிடமே கொடுத்து, எடைக்கு எடை கழித்து, செய்கூலியும் சேதாரமும் செலுத்திப் புதியதைப் பெற்றோம். ஐந்து விழுக்காடு பொன் கலந்ததை வாங்கச் சொன்னார்கள். உருகிய போரேட் (கல்லை உருக்க உதவும் போரான் உப்பு) அதில் ஒட்டாது என்பது உண்மைதான், ஆயினும் போரேட் உருக்கல் எங்களிடம் இல்லாததால் தூய பிளாட்டினமே போதுமென்றேன்.

அதன்பின் கடைப்பிடிப்பவை சில. சிவகங்கைக் கிராஃபைட் வந்தால், கரி முழுவதும் எரிந்து தீரும் வரை பீங்கான் மூசையில்தான் வைப்போம். எரிவாயு அடுப்பின் உள்நீலச் சுடர் மூசையைத் தொடக் கூடாது, தொட்டால் உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். செஞ்சூட்டில் இரும்புக் குறடு பட்டாலும் இரும்பு உள்ளே ஊறும் என்பதால் பிளாட்டின நுனி பொருத்திய குறடு வைத்துள்ளோம். மாங்கனீசு உள்ள கல்லை உருக்கினால் பச்சை நிறம் வரும். அந்நிலையில் மூசைக்குள்ளேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் குளோரின் எழுந்து பிளாட்டினத்தைக் கரைக்கும். ஆகவே உருகிய கட்டியைக் கண்ணாடி முகவைக்கு மாற்றிச் சில துளி ஆல்கஹால் விட்ட பிறகே அமிலம் சேர்க்கிறோம். கறை படிந்தால் பொட்டாசியம் பைசல்ஃபேட்டை உருக்கிக் கழுவுவது போதும். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பவர்களை மூசைக்கு அருகில் விடுவதில்லை.

அதே குடும்பத்து உலோகமான ரோடியமும் எங்கள் உலைக்குள் உள்ளது: வெப்பம் அளக்கும் மின்னிரட்டையின் ஒரு கம்பி தூய பிளாட்டினம், மற்றது பத்து விழுக்காடு ரோடியம் சேர்ந்தது. ஆங்கில வேதியியலாளர் வொல்லாஸ்டன் 1804இல் அறிவித்த அந்த உலோகத்தை நாங்கள் கவனிப்பது கருவி பழுதானால் மட்டுமே.

இரண்டாம் மூசையின் தொடக்க எடை 32.406 கிராம், சென்ற மாத எடை 32.291. மிகுந்த சூட்டில் பிளாட்டினம் ஆக்சைடாகச் சிறிது சிறிதாக ஆவியாவதும் கழுவும்போது தேய்வதும் சேர்ந்தே இக்குறைவு. சுண்ணாம்புக்கல்லின் எரிப்பிழப்பு (சூடாக்கும்போது குறையும் எடை) பார்ப்பதைப் பீங்கானுக்கு மாற்றிய பிறகு, ஆண்டுக் குறைவு பாதியாகியிருக்கிறது.