கண் ஒட்டா, அட்ரோபின் சொட்டா?
குழந்தைக்குச் சோம்பேறிக் கண் (ஒரு கண் சரியாக வேலை செய்யாமல் பார்வை மந்தமாக இருப்பது) என்றால் முதலில் கண்ணாடிதான். அதில் தேறாதபோதுதான் இந்தக் கேள்வி: நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடுவதா, அட்ரோபின் என்ற சொட்டு மருந்து விட்டு மங்கலாக்குவதா? மந்தமான கண்ணை வேலை வாங்குவதே இரண்டின் நோக்கமும்.

மிதமான பாதிப்புள்ள, 7 வயதுக்குட்பட்ட 419 குழந்தைகளிடம் வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஆரம்பத்தில் ஒட்டு முந்தியது; ஆறு மாதத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமம்.

மிதமான பாதிப்புக்கு ஒட்டு தினமும் 2 மணி நேரம் போதும். ஆனால் அந்த 2 மணி நேரம் பெரும்பாடு! பிள்ளை நகத்தால் ஓரத்தைச் சுரண்டும். பிய்த்தால் புருவ முடியும் சேர்ந்து வரும். வண்ணம் தீட்டவோ மணி கோக்கவோ உட்கார வைத்தால் மறந்துவிடும்.

சொட்டைப் பிய்க்க முடியாது. சனி, ஞாயிறு மட்டும் சொட்டு விட்டாலே பலருக்குப் போதும். ஆனால் கண் பாப்பா (கண்ணின் நடுவிலுள்ள கரும்புள்ளி) விரிந்து வெயிலில் கண் கூசும், தொப்பி வேண்டும். முகம் சிவந்து காய்ச்சலடித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். விழுங்கினால் ஆபத்து, புட்டியை உயரத்தில் வையுங்கள்.

நானாக இருந்தால் ஒட்டில் தொடங்குவேன். தினமும் அழுகை, பள்ளியில் கேலி என்றால் தயங்காமல் சொட்டைக் கேட்பேன். மாறுகண் இருந்தால் அதை நேராக்குவது தனி சிகிச்சை.