7 மிமீ பிஆர்சியா, 7 மிமீ ரெமிங்டன் மேக்னமா? முடிவு கூட்டின் அடியில் இருக்கிறது

1962-இல் ரெமிங்டன் 700 துப்பாக்கியோடு சேர்ந்து வந்தது 7 மிமீ ரெமிங்டன் மேக்னம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் என்னும் பெரிய மான், மியூல் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கையில் அறுபது வருடமாக அதுதான் இருக்கிறது. அதே 0.284 அங்குல விட்டக் குண்டுக்கு 2022-இல் ஹார்னடி என்ற தோட்டா நிறுவனம் ஒரு புதுத் தோட்டாவைக் கொண்டுவந்தது: 7 மிமீ பிஆர்சி (பிரிசிஷன் ரைஃபிள் கார்ட்ரிட்ஜ்). தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் போகும் வெடிமருந்தின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால் எதற்கு இன்னொன்று? இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் புதிதாகத் துப்பாக்கி வாங்குகிறவர், அதிலும் சுட்ட கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறவர், பிஆர்சியைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். ஹார்னடி தரும் கணக்கில் பிஆர்சி 175 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஈஎல்டி-எக்ஸ் என்ற வேட்டைக் குண்டை வினாடிக்கு 3,000 அடி வேகத்தில் விடுகிறது. ரெமிங்டன் மேக்னத்தில் அதே வகை 162 கிரெய்ன் குண்டு 2,940 அடி. 500 கெஜத்தில், மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில், இரண்டும் ஒதுங்கும் அளவைக் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஒன்றரை அங்குலத்துக்கு அருகில்தான் வருகிறது. 300 கெஜத்துக்குள் சுடுகிறவருக்கு அது கண்ணிலேயே படாது. அந்தக் கூடுதல் வேகத்திலும் ஒரு பங்கு வடிவமைப்பால் வந்ததல்ல, அழுத்தத்தால் வந்தது. பழையதற்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 61,000 பவுண்டு, புதியதற்கு 65,000. உதை இரண்டிலும் ஒன்றுபோலத்தான்.

நீளக் கணக்கில்தான் உண்மையான வடிவமைப்பு வேலை தெரிகிறது. ரெமிங்டன் மேக்னத்தின் கூடு 2.500 அங்குலம், முழுத் தோட்டா அதிகபட்சம் 3.290. கூட்டுக்கு வெளியே குண்டு நீட்டிக்கொண்டிருக்க மிஞ்சுவது 0.790 அங்குலம். பிஆர்சியில் கூட்டை 2.280-க்குக் குறைத்து, தோட்டாவை 3.340 வரை விட்டிருக்கிறார்கள். மிஞ்சுவது 1.060. இன்றைய நீள மூக்குக் குண்டுகள் 180 கிரெய்னில் வரும்போது பழைய கூட்டில் அவற்றின் அடிப்பகுதி, குண்டைப் பிடித்திருக்கும் கழுத்தைத் தாண்டி மருந்து இருக்கும் இடத்துக்குள் இறங்கிவிடும். பிஆர்சியில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் சுருள் புரியும் அப்படித்தான்: பழைய துப்பாக்கிகளில் 9.5 அல்லது 9.25 அங்குலத்துக்கு ஒரு சுற்று, புதியதில் 8 அங்குலத்துக்கு ஒன்று. 9.5 புரியில் 180 கிரெய்ன் நீளக் குண்டு விளிம்பில் நிற்கும். குளிர்ந்த, அடர்ந்த காற்றில் நிலைகுலையவும் கூடும்.

இதற்கு ரெமிங்டன் கட்சிக்காரர்கள் சொல்லும் பதில் தெரிந்ததே: 8 புரியில் புதுக் குழல் போட்டு, தோட்டா உட்காரும் அறையின் தொண்டையை, அதாவது குண்டின் முன்பகுதி நிற்கும் இடத்தை, நீளமாக வெட்டிவிட்டால் அதுவும் இதைச் செய்யும். செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் தோட்டா அந்த நீளத் தொண்டையை நிரப்பாது. எல்லாவற்றையும் கையால் நிரப்ப வேண்டும். அங்கேதான் பெல்ட் குறுக்கே வருகிறது.

அந்த பெல்ட், கூட்டின் அடியில் தடித்திருக்கும் வளையம், 1912-இன் .375 ஹாலந்து அண்டு ஹாலந்திலிருந்து வந்த சீதனம். அந்தத் தோட்டாவின் தோள், அதாவது கூட்டின் உடம்பு கழுத்தாகக் குறுகும் இடம், மிகச் சரிவானது. அறைக்குள் கூடு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தோளை நம்பி விட முடியாது. அதனால் பெல்ட் தேவைப்பட்டது. 7 மிமீ ரெமிங்டனின் தோள் 25 பாகை. கூட்டை நிறுத்த அதுவே போதும். பெல்ட்டுக்கு வேலையே இல்லை. இருந்தும் அந்தக் காலத்தில் மேக்னம் என்றால் பெல்ட் இருக்க வேண்டும். விற்பனைக்கு அது உதவியது.

விளைவு என்ன? பெல்ட்தான் நிறுத்துகிறது என்பதால், தோளுக்கு முன்னால் எவ்வளவு இடைவெளி என்பதில் அறை வெட்டுகிறவர்கள் தாராளமாக இருந்தார்கள். புதுக் கூட்டை முதல்முறை சுடும்போது தோள் 0.02 அங்குலம் வரைகூட முன்னால் போய் அறையோடு ஒட்டும். கூட்டின் முன்பாதி அழுத்தத்தில் அறைச்சுவரைப் பிடித்துக்கொள்ள, பின்பாதி, அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டை நோக்கித் தள்ளப்படும். நீள்கிற பித்தளை முழுவதும் பெல்ட்டுக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்துதான் வர வேண்டும். பிறகு கூட்டைப் பழைய அளவுக்கு நெரிக்கும் அச்சான டையை, கூட்டைப் பிடித்திருக்கும் ஷெல்ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி முழு அளவில் நெரித்தால் தோள் மறுபடி பழைய இடத்துக்குப் போகிறது. அடுத்த சூட்டில் மறுபடி நீள்கிறது. வளைத்து வளைத்து நிமிர்த்திய கம்பி ஒரே இடத்தில் ஒடிவதுபோல், நாலைந்து தடவையிலேயே கூடு அந்த இடத்தில் பிளக்கும்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. சுட்ட கூட்டின் தோள் நீளத்தை அதற்கான அளவுகருவியான கம்பரேட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒரு சூட்டில் தோள் முழுதாக விரியாமலும் இருக்கலாம். போல்ட் மூடும்போது லேசாகப் பிடிக்கும்வரை பொறுத்து, அந்த அளவையே கணக்கில் எடுக்க வேண்டும். பிறகு டையைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறக்கி இறக்கி, தோள் 0.002 அங்குலம் மட்டும் பின்வாங்குமாறு பூட்டுங்கள். இனி பெல்ட் சும்மா இருக்கும், தோள்தான் நிறுத்தும். நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு கூட்டையும் சோதிக்க வேண்டும்: பேப்பர் கிளிப் கம்பியின் நுனியை வளைத்துக் கூராக்கி, உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பெல்ட்டுக்குச் சற்று மேலே பள்ளம் தட்டினால் கூட்டைக் குப்பையில் போட வேண்டியதுதான். வெளியே பளபளப்பான வளையம் தெரிந்தாலும் அதே தீர்ப்பு. இதற்குப் பிறகும் ஒரு தொல்லை மிச்சம்: பெல்ட்டை ஒட்டிய மேல்பகுதியை வழக்கமான டை எட்டாது. அங்கே வீக்கம் சேர்ந்து, ஒருநாள் தோட்டா அறைக்குள் போக மறுக்கும். அதற்குத் தனியாக, அந்த இடத்தைச் சுற்றிப் பிடித்து நெரிக்கும் காலெட் டை வாங்க வேண்டும்.

பிஆர்சியில் பெல்ட் இல்லை. 30 பாகைத் தோள்தான் நிறுத்துகிறது. எந்தச் சாதாரணத் தோட்டாவையும்போல் தோளை 0.002 பின்தள்ளினால் முடிந்தது. அதற்கும் குறை உண்டு. உடம்பு சரிவு குறைவு, அழுத்தம் அதிகம். டை அடிப்பகுதியைப் போதுமான அளவு நெரிக்காவிட்டால் சில சூடுகளுக்குப் பிறகு போல்ட்டைத் தூக்கும்போது உச்சியில் 'டக்' என்று பிடிக்கும். உடனே மருந்து அதிகம் என்று முடிவு கட்டாதீர்கள். கூட்டின் அடியிலிருந்து 0.200 அங்குலம் மேலே, நெரிப்பதற்கு முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். அளவு குறையவே இல்லை என்றால் உங்கள் அறைக்கு அந்த டை பொருந்தவில்லை. குறைந்திருந்தும் பிடித்தால் மருந்தைக் குறைக்க வேண்டும்.

குழலின் ஆயுள் பற்றி இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். பிஆர்சி வந்து சில வருடங்களே ஆகின்றன. மருந்தளவு ஒத்திருப்பதால் பெரிய வேறுபாடு இருக்காது என்பது ஊகம்தான்.

கடைத் தோட்டாவை மட்டும் வாங்கி, வருடத்துக்கு ஒரு பெட்டி சுட்டு, கூட்டைத் தூக்கி எறிகிறவருக்கு மேலே சொன்ன பெல்ட் வியாக்கியானம் எதுவும் பொருட்டல்ல. கையில் நல்ல ரெமிங்டன் மேக்னம் இருந்தால் மாற்றாதீர்கள். சின்ன ஊர்க் கடையிலும் அதற்குத் தோட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம். பழைய துப்பாக்கிச் சந்தையிலும் அது மலிவு.

மாற்றியே தீருவேன் என்றால், இரண்டின் கூட்டு அடிவிளிம்பும் ஒரே 0.532 அங்குலம் என்பதால் போல்ட்டைத் தொட வேண்டாம், குழல் போதும். ஆனால் அந்த ஆக்‌ஷன், அதாவது போல்ட் இயங்கும் பகுதி, 65,000 பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்றதா என்று துப்பாக்கிக் கம்மியரிடம் முதலில் கேளுங்கள். ஒன்றின் மருந்தளவை மற்றதில் போடாதீர்கள். மேகசினின் உள்நீளம் 3.340-க்கு மேல் இருக்க வேண்டும். பிஆர்சியின் உடம்பு பருமன் கூடுதல் என்பதால் பழைய மேகசினில் இரண்டாவது, மூன்றாவது தோட்டா ஏறும்போது சிக்கலாம். துப்பாக்கியை வாங்கிக்கொள்ளும் முன் மேகசினை நிரப்பி, மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களால் எல்லாவற்றையும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.