கண்மாய்க் கரை வகுப்புக்குப் பிள்ளைகளின் உடுப்பு: மதுரையில் தாக்குப்பிடித்தவையும் பிடிக்காதவையும்

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளைக் கண்மாய்க் கரைக்கும் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்துக்கும் கூட்டிப்போய்ப் பாடம் நடத்துகிறவர்கள், குளிர் நாட்டு உடுப்புப் பட்டியலை வைத்து வாங்கினால் பாதிக் காசு வீண். அங்கே உடம்புச் சூடு போய்விடக் கூடாது. இங்கே வேர்வை காய வேண்டும், முள் குத்தக் கூடாது.

கையில் இருப்பது கொஞ்சப் பணம்தான் என்றால் செருப்புக்கே செலவழியுங்கள். கண்மாய்க் கரை நெடுக சீமைக்கருவேல முள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற ஸ்பாஞ்சு அடிப்பாகத்தில் அது சுலபமாக இறங்கிவிடும். கெட்டி ரப்பர் அடிப்பாகம், குதிகாலைப் பிடிக்கும் பட்டை, மூடிய முன்பக்கம் மூன்றும் வேண்டும். முள் அடியிலேயே ஒடிந்து நின்றுவிட்டால், பிள்ளை நடக்க நடக்க மேலே ஏறி நாலைந்து நாள் கழித்துக்கூடக் குத்தும். அதனால் ஒவ்வொரு முறையும் செருப்பின் உட்பக்கத்தை ஸ்பூன் காம்பால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். முனை தட்டுப்பட்டால் முள்வாங்கியால் பிடுங்கிவிடலாம். வெறும் விரல் வேண்டாம்.

கம்பூட்டை, அதாவது முழங்கால் நோக்கி உயர்ந்து நிற்கும் ரப்பர் பூட்ஸை, நாங்கள் பரிந்துரைக்கவில்லை. வேர்வையில் கால் ஊறிப்போகும். தண்ணீர் ஓரத்தில் மேல்வாய் வழியாக நீர் புகுந்தால் பிள்ளையால் காலைத் தூக்க முடியாது. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் மழைக்குப் பின் நடந்தால் ஆழமான பள்ளம் வெட்டிய அடிப்பாகம் மண்ணை அப்பிக்கொண்டே போகும். பள்ளம் குறைந்ததே மேல்.

வெயிலுக்கு முழுக்கை வைத்த, காலர் உள்ள, ஒரு சைஸ் பெரிய பருத்திச் சட்டை. வாங்குமுன் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் விரலை வையுங்கள். விரல் பளிச்சென்று தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே போகும். மெல்லிய வெள்ளை ‘வாயில்’ (voile) துணி இதில்தான் தோற்கிறது. நெருக்கமாக நெய்த பாப்ளின் நிற்கிறது. முன்விளிம்பு மட்டும் உள்ள தொப்பி காதையும் பிடரியையும் காக்காது, சுற்றிலும் விளிம்பு வேண்டும். தாடைக் கயிறு கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். இழுத்தால் விட்டுக்கொடுக்கும் வெல்க்ரோ தைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் எந்த உடுப்பும் போதாது. காலை பத்து மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஐப்பசி மழைக்கு ரெயின்கோட்டை நம்புவதைவிட மாற்றுத்துணியை நம்பலாம். பிளாஸ்டிக் கோட்டுக்குள் ஓடியாடிய பிள்ளை மழையில் நனையாமலே வேர்வையில் நனைந்திருக்கும். மடித்த கோட்டைக் கோடை முழுக்கப் பீரோவில் வைத்தால் மடிப்போடு மடிப்பு ஒட்டி, பிரிக்கும்போது கிழியும், கொடியில் தொங்கவிடுங்கள். பக்கம் திறந்த, முழங்காலுக்கு மேல் நிற்கும் மாடல் பரவாயில்லை. பையில் ஒரு சட்டை, ஒரு பேண்ட், இரண்டு ஜட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஈரிழைத் துண்டு, ஈரத்துணிக்கு ஒரு கவர். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், காயாது. லெக்கின்ஸ் முழுக்க நாயுருவி விதை ஒட்டும், கொசுவும் துணி மேலேயே கடிக்கும். லூசான பருத்தி பேண்ட்டே நல்லது.

மார்கழிக் காலைக்கு பட்டன் வைத்த ஒரு மேல்சட்டை போதும். தலைவழி மாட்டும் ஸ்வெட்டரை ஒன்பது மணிக்குக் கழற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் தேவைப்படும்.