ஒர்க்ஸ்பேஸ் பட்டை: கேட்டுக்கொண்டே இருப்பதா, சொல்லும்வரை காத்திருப்பதா?

மாட் கீயோடு (விண்டோ மேனேஜர் கட்டளைகளுக்கென ஒதுக்கிய விசை) 3ஐத் தட்டுகிறீர்கள். மூன்றாவது ஒர்க்ஸ்பேஸ், அதாவது விண்டோக்களைப் பிரித்துவைக்கும் மூன்றாவது மெய்நிகர் திரை, கண் இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. மேலே ஒர்க்ஸ்பேஸ் எண்களைக் காட்டும் பட்டையில் மட்டும் 1 இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. விண்டோக்களை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் தானே அடுக்கும் டைலிங் விண்டோ மேனேஜருக்கு வருகிறவர்கள் வேகத்துக்காகத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு இந்தத் தாமதம் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தும். பட்டைக்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது எந்த வழியைப் பிடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வழி, எல்லோரும் தொடங்கும் வழி: லூப். ஐ3 என்ற விண்டோ மேனேஜரிடம் அதன் ஐ3-எம்எஸ்ஜி கட்டளையால் ஒர்க்ஸ்பேஸ் பட்டியலைக் கேள், தரவைப் பிரிக்கும் ஜேக்யூ கருவியால் பிரித்தெடு, அச்சிடு, ஒரு நொடி தூங்கு, மறுபடி கேள். பத்து வரியில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஐ3-எம்எஸ்ஜி, ஜேக்யூ, ஸ்லீப் என்று மூன்று ப்ராசஸ் (ஓடும் நிரல்கள்) பிறந்து சாகின்றன. ஒரு நாளைக்கு 86,400 நொடி. கணக்குப் போட்டால் 2,59,200 ப்ராசஸ். தாமதம் பிடிக்காமல் இடைவெளியை 0.1 நொடியாகக் குறைத்தால் அது பத்து மடங்காகும். இத்தனையும் நீங்கள் எதையும் மாற்றாமல் ஒரே ஒர்க்ஸ்பேஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது! கடிகாரம், பேட்டரி சதவீதம், வெப்பநிலை ஆகியவற்றுக்கு இந்த லூப் தாராளமாகப் போதும். ஒர்க்ஸ்பேஸுக்கு இது வேண்டாம் என்பேன்.

இரண்டாவது வழி சப்ஸ்கிரைப். விண்டோ மேனேஜரிடம் ஒரே ஒருமுறை சொல்லிவைத்துவிட்டுக் காத்திருப்பது. மாற்றம் நடந்தால் அதுவே சொல்லும். இதை மிக அழகாகச் செய்திருப்பது பிஎஸ்பிடபிள்யூஎம் என்ற இன்னொரு விண்டோ மேனேஜர். அதன் கட்டளையான பிஎஸ்பிசியை, பிஎஸ்பிசி சப்ஸ்கிரைப் ரிப்போர்ட் என்று ஓட்டினால் முழு நிலவரமும் முக்காற்புள்ளியால் பிரித்த ஒரே வரியாக வந்து விழுகிறது. ஒவ்வொரு டெஸ்க்டாப் (ஒர்க்ஸ்பேஸுக்கு அதில் வழங்கும் பெயர்) பெயருக்கும் முன்னால் ஓர் ஆங்கில எழுத்து. ஓ என்றால் உள்ளே விண்டோ இருக்கிறது, எஃப் என்றால் காலி, யு என்றால் அங்கே ஏதோ அவசரமாகக் கூப்பிடுகிறது. அந்த எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் அதுதான் அந்த மானிட்டரில் இப்போது தெரியும் டெஸ்க்டாப். ஷெல்லிலேயே ஒரு கேஸ் போட்டு வண்ணம் பிரித்துவிடலாம், ஜேக்யூகூட வேண்டாம். சப்ஸ்கிரைப் செய்த உடனே அப்போதைய நிலவரத்தையும் ஒருமுறை கொடுத்துவிடுகிறது.

ஐ3யும் அதைப் போன்றே இயங்கும் ஸ்வேயும் அப்படியல்ல. நிரல்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாக ஜேசான் என்ற வடிவத்தில் தரவு வரும், ஆனால் அதில் என்ன மாறியது என்பது மட்டும்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் முழுப் பட்டியலை மறுபடி கேட்டு வாங்குவதே பிழையில்லாத வழி. தொடக்க நிலவரமும் தானாக வராது, நாம்தான் கேட்க வேண்டும். அதையும் சப்ஸ்கிரைப் செய்த பிறகு கேளுங்கள். முன்னால் கேட்டால் இடைப்பட்ட கணத்தில் நடந்த மாற்றம் தவறிப்போகும். பைத்தானில் ஐ3ஐபிசி நூலகம் இருக்கிறது. கொஞ்சம் நினைவகம் கூடுதலாகத் தின்றாலும் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும்.

இந்த வழியில் ஒரு பள்ளம் உண்டு, நான் ஒரு மாலை முழுக்க அதில் கிடந்தேன். வேண்டாத நிகழ்வுகளை வடிகட்ட நடுவில் ஒரு கிரெப் (பொருந்தும் வரிகளை மட்டும் விடும் நிரல்) போட்டேன். டெர்மினலில் ஓட்டினால் வரிகள் உடனுக்குடன் வருகின்றன. பட்டையோடு இணைத்தால் ஒன்றுமே வரவில்லை. வெகுநேரம் கழித்து பழைய மாற்றங்கள் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டின. வெளியீடு டெர்மினலுக்குப் போனால் கிரெப் வரிக்கு வரி அனுப்பும், பைப்புக்கு, அதாவது அடுத்த நிரலுக்கான குழாய்க்குப் போனால் சேர்த்துவைத்துத்தான் அனுப்பும். லினக்ஸில் அது வழக்கமாக 4096 பைட். இதற்குத் தீர்வு, கிரெப்புக்கு லைன்-பஃபர்ட், ஜேக்யூவுக்கு அன்பஃபர்ட் ஆப்ஷன்; ஆக் (வரிகளைப் பிரித்து எழுதும் இன்னொரு கருவி) என்றால் ஒவ்வொரு அச்சுக்குப் பின்னும் எஃப்ஃப்ளஷ். பைப்பில் ஒரு கண்ணி விடுபட்டாலும் பட்டை உறைந்துவிடும்.

சிலர் இரண்டுக்கும் நடுவே போவார்கள்: ஒர்க்ஸ்பேஸ் மாற்றும் விசை அமைப்பிலேயே (கீபைண்டிங்) பட்டைக்குத் தகவல் தரும் ஐ3பிளாக்ஸ் நிரலுக்கு ஒரு சிக்னல் அனுப்பிவிடுவது. ஒலி அளவுக்கு இது அருமை. ஒர்க்ஸ்பேஸுக்கு ஓட்டைதான், மவுசால் இன்னொரு மானிட்டருக்குப் போனாலோ ஒரு செயலி அவசரக் கொடி காட்டினாலோ சிக்னல் போகாது.

மூன்றாவது, பட்டையிலேயே இருக்கும் மாட்யூல். பாலிபார் என்ற பட்டையில் ஐ3க்கும் பிஎஸ்பிடபிள்யூஎம்முக்கும் உண்டு, வேபார் என்ற பட்டையில் ஸ்வேக்கும் ஹைப்பர்லேண்ட் என்ற விண்டோ மேனேஜருக்கும் உண்டு. இவை உள்ளுக்குள் சப்ஸ்கிரைப்தான் செய்கின்றன. கிளிக், ஸ்க்ரோல், அவசர வண்ணம் எல்லாம் கான்ஃபிக் வரிகளில் முடிந்துவிடும். லெமன்பார் என்ற பட்டையில் இதெல்லாம் உங்கள் பொறுப்பு; கிளிக் செய்தால்கூட கட்டளையை எழுத்தாகத் துப்பும், அதை ஷெல்லுக்குப் பைப் செய்வது நீங்கள்தான்.

என்னைக் கேட்டால், மாட்யூல் இருந்தால் அதையே வையுங்கள். இரண்டு மானிட்டரின் ஒர்க்ஸ்பேஸ்களைத் திட்டவாரியாகத் தொகுத்துக் காட்டுவது போன்ற, அதில் இல்லாத ஒன்று தேவைப்படும்போது சப்ஸ்கிரைப் ஸ்கிரிப்ட்டுக்கு வாருங்கள். பாலிபாரில் அந்த ஸ்கிரிப்ட்டைச் சேர்க்கும்போது டெயில் என்பதை ட்ரூ ஆக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் என்றுமே முடியாத ஸ்கிரிப்ட் முடியட்டும் என்று பட்டை காத்துக்கொண்டிருக்கும்.