வார்டா, ஹாஸ்பிஸா, வீட்டுப் பராமரிப்பா: மாற நினைக்கும் செவிலியருக்கு

குணப்படுத்த முடியாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் ஹாஸ்பிஸுக்கு மாறலாமா என்று யோசிக்கும் ஸ்டாஃப் நர்ஸ் பலர், இருப்பதா போவதா என்று இரண்டே வழிகளை எடைபோடுகிறார்கள். தமிழ்நாட்டில் வழிகள் மூன்று. மருத்துவமனையிலேயே தொடரலாம். படுக்கை வசதியுள்ள ஹாஸ்பிஸில் சேரலாம். இல்லையென்றால், வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சைக்குப் போகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இந்த மூன்றாவது வேலைக்குச் செவிலியர்கள் இருக்கிறார்கள்; சில அறக்கட்டளைகளும் நடத்துகின்றன. எங்கள் கணிப்பில், வார்டுக்கும் ஹாஸ்பிஸுக்கும் உள்ள தூரத்தைவிட ஹாஸ்பிஸுக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் உள்ள தூரம் அதிகம். 

ஒரே நோயாளியை மூன்று இடத்திலும் வைத்துப் பார்ப்போம். வாய்ப்புற்று முற்றி, கழுத்தில் புண் உடைந்திருக்கிறது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரை 10 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை.

வார்டில் அந்த 4 மணி நேரக் கணக்குதான் முதலில் தவறும். பொது மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவு ட்யூட்டியில் ஒருவரே அதைப்போல் பல மடங்கு பேரைப் பார்க்க நேர்கிறது. அட்மிஷனும் ஆபரேஷன் கேஸும் முந்திக்கொள்ள, மார்ஃபின் ‘வலித்தால் கொடு’ என்ற மருந்தாக மாறிவிடுகிறது. வலி தலைதூக்கிய பிறகு கொடுத்தால் அதை அடக்க நேரமும் கூடும், மருந்தும் கூடும். ஆனால் வார்டில் ஒரு பலம் உண்டு. கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் வருவார், லேப் இருக்கிறது, எந்த முடிவையும் தனியாகச் சுமக்க வேண்டாம். கேனுலா போடும் கையும் வென்டிலேட்டர் பார்க்கும் கண்ணும் பழக்கம் விட்டுப்போகாது. வளைகுடா வேலைக்குப் பெரும்பாலும் 2 ஆண்டு மருத்துவமனை அனுபவம் கேட்பார்கள். அந்த எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

ஹாஸ்பிஸில் கடிகாரம்தான் எஜமான். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று மருந்து போகும். இரவு 10 மணிக்கு இரட்டை டோஸ் கொடுத்தால், நள்ளிரவு 2 மணிக்கு எழுப்பாமல் தூங்கவிடலாம். இடையில் வலி வந்தால் மொத்த நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இவருக்கு இன்னொரு 10 மி.கி. கொடுக்க வேண்டும். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். குமட்டல் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. விழுங்க முடியாமல் போனால் தோலுக்கடியில் கொடுப்பார்கள். வாய்வழி அளவில் பாதி போதும்: நாளுக்கு 60 மி.கி. என்றால் ஊசியில் 30. மார்புக்கு மேலேயோ மேற்கையிலோ ஒரு பட்டர்ஃபிளை ஊசியைப் பொருத்தி, சிவந்தாலோ வீங்கினாலோ உடனே இடத்தை மாற்ற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதே டோஸ் உடம்பில் தேங்கும். கைகால் வெடுக்வெடுக்கென்று துள்ளுவதும் அளவுக்கு மீறிய மயக்கமும் அதன் அடையாளம். முதலில் கண்ணில் படுவது செவிலியருக்குத்தான்.

வார்டிலிருந்து வருபவர்களுக்குப் பிடிபடத் தாமதமாவது, செய்யாமல் இருக்கும் திறமை. கடைசி மணிகளில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும்போது கை தானாகச் சக்‌ஷனைத் தேடும். ஆழமாக உறிஞ்சினால் வேதனையும் சளியும் கூடுமே தவிரக் குறையாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, டாக்டர் எழுதிவைத்திருந்தால் சுரப்பைக் குறைக்கும் ஹயோசின் பியூட்டைல்புரோமைடு 20 மி.கி. தோலடியில் கொடுத்து, குடும்பத்தாருக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டும். புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவார்கள். கட்டு புண்ணில் ஒட்டியிருந்தால் சலைனில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், இழுத்தால் ரத்தம் கொட்டும். நாற்றம் அடங்கிய அன்றுதான் பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வருவார்கள்.

இனி வீடு. இங்கே ஊசி போடுவதைவிடக் கற்றுக்கொடுப்பதுதான் பெரிய வேலை. நீங்கள் இருப்பது அரைமணி நேரமோ முக்கால் மணி நேரமோ. மீதி நேரமெல்லாம் நர்ஸ் அந்த வீட்டு மருமகள்தான். அவருக்குப் புரியும்படி சூரியன், நிலா வரைந்து மருந்து அட்டை எழுத வேண்டும். அடுத்த முறை போனதும் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுங்கள். இருக்க வேண்டியதைவிட அதிகம் மிஞ்சியிருந்தால், ‘பழகிப்போயிடும்’ என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மலமிளக்கியை நிறுத்தியிருப்பார்கள், 5 நாள் மலம் போகாமல் வாந்தியும் பிதற்றலும் வந்த பிறகு ‘மார்ஃபின் ஒத்துக்கலை’ என்பார்கள். விழுங்க முடியாதவர் வாயில் பால் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். வேண்டாம் என்று தடுத்தால் மனம் புண்படும். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள்; வழக்கமும் விட்டுப்போகாது, புரையும் ஏறாது.

வாசலிலேயே நிறுத்தி, “அப்பாவுக்கு என்ன நோய்னு சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்பார்கள். வார்டில் இதை டாக்டர் பக்கம் தள்ளிவிடலாம். வீட்டில் தள்ள ஆள் இல்லை. பொய் சொல்லாமலும் போட்டு உடைக்காமலும், “உங்களுக்கு என்ன தோணுதுங்கய்யா?” என்று நோயாளியிடமே கேட்டுத் தொடங்கும் பழக்கம் வர வேண்டும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதே அதிகம்.

சம்பளத்தில் தனியார் பெரிய மருத்துவமனையை அறக்கட்டளை ஹாஸ்பிஸ்கள் எட்டுவது அரிது. எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் வந்து காலமுறை ஊதியத்துக்குக் காத்திருப்பவர்கள், அதை உதறிவிட்டுத் தொகுப்பூதிய வேலைக்குப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மற்றவர்களுக்கு எங்கள் யோசனை: வார்டில் 2 ஆண்டு, பிறகு ஹாஸ்பிஸில் ஓராண்டு, அதன் பிறகு வீடு. நேரே வீட்டுக்குப் போனால், மருந்து அளவு கைக்கு வருமுன்பே தனியாக முடிவெடுக்க வேண்டிவரும். நடுவில் கோழிக்கோட்டிலோ திருவனந்தபுரத்திலோ 6 வாரச் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்துவிட்டால் நல்லது.

நேர்காணலில் இரண்டு கேள்வி கேளுங்கள். இரவு 2 மணிக்கு போன் எடுக்கும் டாக்டர் யார்? மார்ஃபின் இருப்புப் பதிவேட்டைப் பார்க்கலாமா? 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் பல உரிமங்களுக்கு அலையாமல் மார்ஃபின் வைத்துக்கொள்ள முடியும். அந்த அங்கீகாரம்கூட வாங்காமல், வலிக்கு வீரியம் குறைந்த டிராமடால் மட்டும் வைத்திருக்கும் இடமென்றால் சேராதீர்கள். வலியில் துடிப்பவர் பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார வேண்டியிருக்கும்.