ஃபிட்ஸ் ஹெடரோடு ஆறு ஆண்டுகள்

வானியல் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் கோப்பு ஒன்றைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்தால் படம் தெரியாது. ஆனால் கோப்பின் தொடக்கத்தை யாரும் வாசித்துவிடலாம். எந்தத் தொலைநோக்கி, எந்த வடிகட்டி, எத்தனை நொடி ஒளி சேர்த்தார்கள், கேமரா எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதெல்லாம் அங்கே எழுத்தாகவே இருக்கும். அதுதான் ஹெடர். அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாத எண்களின் அடுக்கு மட்டுமே.

ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களின் ஒளி மாற்றத்தை ஆறு ஆண்டுகளாக அளந்துவருகிறேன். வட்டில் ஏறத்தாழ 40,000 கோப்புகள் சேர்ந்திருக்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திறந்து பார்க்க முடியாது என்பதால் பைத்தான் நிரல்மொழியிலும் வானியலுக்கான அதன் ஆஸ்ட்ரோபை நூலகத்திலும் இறங்கினேன். அதில் எனக்கு முதலில் பிடித்தது, படத்தைத் தொடாமல் ஹெடரை மட்டும் படிக்கும் வசதி. ஹெடரின் ஒவ்வொரு பதிவும் 80 எழுத்து நீளம். துளை அட்டைக் காலத்தின் நினைவாக அதை இன்றும் அட்டை என்றே சொல்கிறார்கள். 36 அட்டைகள் சேர்ந்தால் 2,880 பைட் கொண்ட ஒரு தொகுதி. நிரல் அந்தச் சில தொகுதிகளை மட்டும் படித்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறது. எல்லாக் கோப்புகளின் ஹெடரையும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் ஒரு அட்டவணையில் போட்டுவைத்த பிறகு, 'இந்த விண்மீன், இந்த வடிகட்டி, 60 நொடிக்கு மேல்' என்று கேட்டால் உடனே பட்டியல் வருகிறது. இந்த ஒரு பயனுக்காகவே யாருக்கும் இதைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் ஹெடர் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பதைக் கற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

நான் தொடர்ந்துவந்த ஓர் இணை, சுமார் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி முடிப்பது. ஒளி மிகக் குறையும் நேரத்தை நொடிக்கணக்கில் பதிவதே வேலை. ஒரு பருவத்தில் கேமராவை இயக்கும் மென்பொருளை மாற்றினேன். அதன் பிறகு எல்லாக் குறைவுகளும் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தன. சுற்றும் காலம் மாறிவிட்டதோ என்று ஒரு வாரம் மகிழ்ந்துகொண்டிருந்தேன். பிறகுதான் கோப்பு வட்டில் எழுதப்பட்ட நேரத்தையும் ஹெடரில் இருந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் மூன்றே நொடி. ஒளி சேர்த்ததோ 120 நொடி. ஹெடரில் தொடக்க நேரம் இருந்திருந்தால் வித்தியாசம் 120 நொடிக்கு மேல் இருந்தாக வேண்டும். புதிய மென்பொருள் முடிவு நேரத்தை எழுதியிருக்கிறது. நடு நேரத்துக்காக என் நிரல் 60 நொடியைக் கூட்டியது. உண்மையில் கழித்திருக்க வேண்டும். ஆகப் பிழை சரியாக 120 நொடி. அன்றிலிருந்து புதிய கருவியோ மென்பொருளோ வந்தால் இந்த ஒப்பீட்டைத்தான் முதலில் செய்கிறேன்.

வெப்பநிலையிலும் இதே பாடம். நாம் கேட்ட வெப்பநிலைக்கு ஓர் அட்டை, கேமரா உண்மையில் எட்டிய வெப்பநிலைக்கு இன்னோர் அட்டை. இருள் படங்களை, அதாவது கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்காக ஒளி விழாமல் எடுக்கும் படங்களை, முதல் அட்டையை வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தேன். புழுக்கமான இரவுகளில் கேமரா கழித்தல் 10 டிகிரியைத் தொடவே இல்லை, கழித்தல் 6-இலேயே நின்றுவிட்டது. பின்னணி இரைச்சல் கூடியதற்குக் காரணம் அதுதான்.

வான ஆயத்தொலைவுகளைக் கையாளும்போது ஒரு புள்ளிப் பிழை எல்லோரையும் ஒருமுறை பிடிக்கும். ஃபிட்ஸ் தரத்தில் முதல் படப்புள்ளியின் எண் 1. பைத்தானில் அது 0. போதாததற்கு வரிசையும் தலைகீழ்: ஹெடர் அகலத்தை முதலில் சொல்கிறது, பைத்தானில் படத்தை எண்களாக வைத்திருக்கும் நம்பை அணி உயரத்தை முதலில் தருகிறது. கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலோடு பொருத்திப் பார்த்தபோது என் விண்மீன்கள் அனைத்தும் ஒரே பக்கம், மூலைவிட்டமாக, ஒரு புள்ளி தள்ளி நின்றன. பிழை ஒன்றிரண்டு விண்மீன்களில் மட்டும் இருந்தால் அளவீட்டைச் சந்தேகிக்கலாம். எல்லாம் ஒன்றாக நகர்ந்திருந்தால் எண்ணும் முறையைச் சந்தேகிக்க வேண்டும்.

சுருக்கிய ஃபிட்ஸ் கோப்புகளில் படம் இரண்டாவது பகுதிக்குப் போய்விடுகிறது. முதல் ஹெடரில் தேடினால் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. எந்தப் பகுதி என்பதை நிரலில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பொருளின் பெயரை வைத்துத் தேடுவதும் பயனில்லாத வேலை. எம்31, இடைவெளிவிட்டு எம் 31, என்ஜிசி 224 எல்லாம் ஒரே ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம்தான், நிரலுக்கோ மூன்று வேறு பொருள்கள். நான் இப்போது ஆயத்தொலைவை வைத்தே தேடுகிறேன்.

மூலக் கோப்பின் ஹெடரை நான் திருத்துவதே இல்லை. நகலில் திருத்துகிறேன், எதை, ஏன் மாற்றினேன் என்பதை வரலாற்று அட்டையில் எழுதுகிறேன். முடிவு நேரப் பிழையைச் சரிசெய்த கோப்புகளைப் பின்னாளில் இரண்டாம் முறை 'சரிசெய்யாமல்' காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

இந்த வடிவம் 1981-இல் அறிமுகமானது. பழைய கோப்புகளைச் செல்லாததாக்கும் எந்த மாற்றமும் கூடாது என்பது இதைக் காப்பவர்களின் கொள்கை. அந்த உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதே பழமையால் ஹெடரில் ஆஸ்கி எழுத்துகளுக்கு, அதாவது ஆங்கில எழுத்து, எண், சில குறிகளுக்கு மட்டுமே இடம். ஒரு கருத்துரையைத் தமிழில் எழுத முயன்றால் ஆஸ்ட்ரோபை பிழை காட்டி மறுத்துவிடுகிறது. இரவின் மேகம், நிலவொளி, என் ஐயங்கள் எல்லாவற்றையும் நான் தமிழில்தான் குறித்துவைக்கிறேன். அவற்றைப் படத்துக்குள் வைக்க முடியவில்லை என்பது இன்றும் எனக்கு உண்மையான குறை.

அதனால் குறிப்பைத் தனி உரைக் கோப்பில் எழுதி, அதன் முதல் வரியில் படத்தரவின் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையை, அதாவது தரவிலிருந்தே கணக்கிடப்படும் அடையாள எண்ணை, பதிகிறேன். ஆஸ்ட்ரோபையே அந்த எண்ணைக் கணக்கிட்டு ஹெடரிலும் எழுதித் தரும். சென்ற மாதம் வட்டு மாற்றியபோது ஒரு கோப்புறையில் பெயர்கள் எல்லாம் குழம்பிப்போயின. 212 படங்களுக்கும் உரிய குறிப்புகளை அந்த எண்ணை வைத்தே மீண்டும் சேர்த்துவிட்டேன்.